கடித்ததைச் சொல்லாத பிள்ளை: கிராமப் பாடசாலைகளில் விசர்நாய்க்கடித் தடுப்பை எப்படிக் கற்பிப்பது?

வடமராட்சி ஆசிரியை
செப்டெம்பர் 9, இரவு 8.40

அனைவருக்கும் வணக்கம். வடமராட்சியில் ஒரு சிறிய கிராமப் பாடசாலையில் தரம் 4 பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். சென்ற வாரம் என் வகுப்பில் நடந்த ஒன்றை எழுதி, அனுபவமுள்ளவர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

கடந்த தவணையில், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்தில் வீட்டு விலங்குகளைப் பற்றிப் படிப்பித்தபோது, விசர்நாய்க்கடிக்கென்று இரண்டு பாடவேளைகளை ஒதுக்கினேன். படம் வரைந்தோம், நடித்துக் காட்டினோம், முடிவில் ஒரு சிறிய வினாத்தாளும் கொடுத்தேன். நாய் கடித்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்ற வினாவுக்கு ஏறக்குறைய எல்லோரும் "காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்" என்று எழுதியிருந்தார்கள். பாடம் நன்றாகப் போய்விட்டது என்றே நினைத்திருந்தேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை ஒரு மாணவன் இடது கையை மேசைக்குக் கீழேயே வைத்தபடி எழுதிக்கொண்டிருந்தான். கையைப் பார்த்தபோது மணிக்கட்டுக்கு மேலே இரண்டு பற்குறிகள் இருந்தன. அவற்றின்மேல் அப்பிய கோப்பித்தூள் காய்ந்துபோயிருந்தது. கேட்டதற்கு, "நாலு நாளாச்சு ரீச்சர். சின்னக் குட்டிதான். கடிச்சுப்போட்டுது" என்றான். ஆட்களில்லாத ஒரு வளவுக்குள் நாய்க்குட்டி பார்க்கப் போயிருக்கிறான். அந்த வளவுக்குள் போகக்கூடாது என்று தகப்பன் ஏற்கெனவே கண்டித்திருந்ததால் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் குட்டியை யாரேனும் அடித்துவிடுவார்கள் என்ற பயமும் இருந்திருக்கிறது. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள் என்று அம்மம்மா எப்போதோ சொன்னதும் அவன் மனத்தில் கிடந்திருக்கிறது. அவனுடைய தங்கைக்கு மட்டுமே விடயம் தெரியும். கோப்பித்தூள் வைத்ததும் அவள்தான். அவளுக்கு ஏழு வயது.

அன்றே தாயை அழைத்து, மூவருமாக வைத்தியசாலைக்குச் சென்றோம். காயத்தைக் கழுவி ஊசியைத் தொடங்கிவிட்டார்கள். பிள்ளை நலமாக இருக்கிறான். அந்தக் குட்டியை அதன்பின் யாரும் காணவில்லை. கடித்த விலங்கைக் கண்காணிக்க வழியில்லை என்பதால் ஊசி முழுவதையும் போட்டே ஆக வேண்டும் என்று வைத்தியர் கூறினார்.

அன்றிரவு பழைய விடைத்தாள் கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். அந்த வினாவுக்கு அவனும் முழுப் புள்ளி பெற்றிருந்தான். அதுதான் என்னை உலுக்கிவிட்டது. சரியான விடையை எழுதத் தெரிந்த பிள்ளை, கடி விழுந்த கையோடு நான்கு நாட்கள் என் முன்னாலேயே இருந்திருக்கிறான். நான் எதைக் கற்பித்தேன், எதைக் கற்பிக்கத் தவறினேன்? செப்டெம்பர் 28 உலக விசர்நாய்க்கடி தினத்துக்கு முன் இந்தப் பாடத்தை மீண்டும் எடுக்க எண்ணியிருக்கிறேன். எப்படி எடுக்கலாம் என்று சொல்லுங்கள்.


ஓய்வுநிலைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்
செப்டெம்பர் 9, இரவு 10.15

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உடனே அழைத்துச் சென்றீர்களே, அதற்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். நான்கு நாட்கள் கடந்துவிட்டன, இனிப் போய் என்ன பயன் என்று எண்ணி நின்றுவிடும் பெரியவர்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நோயின் அறிகுறி தோன்றாதவரை எத்தனை நாட்கள் கடந்திருந்தாலும் போக வேண்டும், ஊசியைத் தொடங்க வேண்டும். கிருமி காயத்திலிருந்து நரம்பின் வழியாக மூளையை நோக்கி மெதுவாக நகர்கிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் எடுக்கும். சிலருக்கு ஒரு வாரத்திலேயே வந்துவிடலாம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். மூளையை எட்டி அறிகுறிகள் தொடங்கிவிட்டால் ஏறக்குறைய எல்லோருமே இறந்துவிடுகிறார்கள். எனவே அந்த இடைவெளிக்குள் நாம் முந்திக்கொள்ள வேண்டும். முகத்திலும் தலையிலும் கடிபட்டால் மூளைக்குள்ள தூரம் குறைவு. சிறு பிள்ளைகளின் முகம் நாயின் வாய்க்கு நேரே இருப்பதால்தான் அவர்களைப் பற்றி நாங்கள் கூடுதலாக அஞ்சுகிறோம். சந்தேகத்துக்குரிய விலங்குகளால் கடிபடுவோரில் ஏறத்தாழ 40 வீதத்தினர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்று உலக சுகாதார அமைப்பு கூறுகிறது.

இந்த நோயை நம் நாடு வெகுவாகக் கட்டுப்படுத்தியிருக்கிறது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். 1973 இல் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடியால் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசியும் கடிபட்டவர்களுக்கு இலவச சிகிச்சையும் பரவலானதால் அந்தத் தொகை பல மடங்கு குறைந்துவிட்டது. இன்றும் இறப்பவர்களின் கதையை விசாரித்துப் பார்த்தால், வைத்தியசாலைக்கே போகாதவர்களும், போய் ஊசியை இடையில் விட்டவர்களும்தான் பெரும்பாலும் இருப்பார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நானும் பல வருடங்கள் பாடசாலைக் காலைப் பிரார்த்தனைகளில் நின்று இதே பேச்சைப் பேசியவன். முடிவில் "இங்கே யாரையாவது நாய் கடித்திருக்கிறதா?" என்று கேட்பேன். ஒரு கைகூட உயராது. கடித்திருக்கவில்லை என்றே எண்ணிக்கொண்டு அடுத்த பாடசாலைக்குப் போவேன். ஒரு நாள், தென்மராட்சியில் என்று நினைக்கிறேன், கேள்வியை மாற்றினேன். "நாயோ பூனையோ நக்கியது, நகம் பட்டது, விளையாட்டுக்குக் கவ்வியது, இப்படி ஏதாவது நடந்தவர்கள் கை உயர்த்துங்கள்" என்றேன். அரைவாசிக் கைகள் உயர்ந்தன. அவற்றில் இரண்டு தோல் கிழிந்த காயங்கள். பிள்ளைகளின் அகராதியில் "கடி" என்றால் இரத்தம் வழிய வேண்டும், நாயும் கறுப்பாய், பெரிதாய், ஊரறிந்த விசர் நாயாய் இருக்க வேண்டும். குட்டி கவ்வியது அவர்களுக்குக் கடியே அல்ல. உங்கள் மாணவனும் "சின்னக் குட்டிதான்" என்றுதானே தொடங்கினான்?

என் ஆலோசனை இதுதான். பாடத்தின் வரிசையை மாற்றுங்கள். கழுவுவதும் வைத்தியசாலைக்குப் போவதும் பின்னால் வரட்டும். முதலில் வர வேண்டியது சொல்வது. ஒன்பது வயதுப் பிள்ளை தனியாக வைத்தியசாலைக்குப் போக முடியாது. ஊசி தேவையா இல்லையா என்று தீர்மானிக்கவும் முடியாது. சொல்வது மட்டும்தான் முழுக்க முழுக்க அந்தப் பிள்ளையின் கையில் இருக்கிறது.


இரு பிள்ளைகளின் தந்தை
செப்டெம்பர் 10, காலை 6.55

எனக்கு வேறு கருத்து இருக்கிறது. பிள்ளைகள் சொல்லாமல் இருப்பதற்குக் காரணம், இந்த நோய் எவ்வளவு கொடியது என்று அவர்களுக்கு உறைக்காததுதான். தண்ணீரைக் கண்டு நடுங்கும் நோயாளிகளின் காணொளிகள் இணையத்தில் இருக்கின்றன. அதில் ஒன்றைத் தரம் 4 பிள்ளைகளுக்கு ஒரு தடவை காட்டினால் போதும், அதற்குப் பிறகு ஒரு பிள்ளையும் மறைக்காது. நாம் பிள்ளைகளை மிகவும் மென்மையாக நடத்துகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.


சிகிச்சைப் பிரிவுத் தாதி
செப்டெம்பர் 10, பிற்பகல் 2.30

மேலே எழுதிய தந்தையின் அக்கறையை மதிக்கிறேன். ஆயினும் அந்தக் காணொளியைப் பிள்ளைகளுக்குக் காட்டவே வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். விலங்குக்கடிக்குச் சிகிச்சை பெற வருவோரை நான் நாள்தோறும் பார்க்கிறேன். மறைத்துவிட்டுப் பின்னர் அகப்பட்டு வரும் பிள்ளைகளில், நோயின் கொடுமை தெரியாமல் மறைத்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. பயத்தினால் மறைத்தவர்களே அதிகம். அடிக்குப் பயம், ஊசிக்குப் பயம், "எனக்கும் விசர் பிடிச்சிடுமோ" என்ற பயம். அந்தக் காணொளியைப் பார்த்த பிள்ளையைக் கடித்துவிட்டால், தான் நிச்சயமாகச் சாகப்போகிறேன் என்று நினைக்கும். சாகப்போகிறேன் என்று நினைக்கும் பிள்ளை அதைத் தாயிடம் சொல்லாது. இதை ஒரு சிறுமி என்னிடம் கட்டிலில் இருந்தபடி கூறியிருக்கிறாள்: "அம்மா அழுவா எண்டுதான் சொல்லேல்லை."

அதனால் பிள்ளைகளுக்கு முதலில் தெரிய வேண்டியது, வந்தால் காப்பாற்ற முடியும் என்பது. வைத்தியசாலையில் என்ன நடக்கும் என்பதை அப்படியே சொல்லிக் கொடுங்கள். தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசி பழைய காலத்தது, அது இப்போது இல்லை. இப்போதைய தடுப்பூசி மேற்கையின் தோலில் மிகச் சிறிய அளவில் போடப்படுகிறது. ஆழமான அல்லது கடுமையான காயமானால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தையும் செலுத்துவார்கள். அது வலிக்கும். வலிக்காது என்று பொய் சொல்லாதீர்கள், ஏனெனில் ஒரு பிள்ளை ஏமாந்தால் வகுப்பு முழுவதும் ஏமாந்துவிடும். எறும்பு கடித்ததுபோல் இருக்கும் என்று நானும் முன்னர் சொல்லிப் பார்த்தவள். இப்போது "வலிக்கும், நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன்" என்றே சொல்கிறேன்.

காயத்தின்மேல் பூசிக்கொண்டு வரும் பொருட்களைப் பற்றியும் எழுத வேண்டும். கோப்பித்தூள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள், எண்ணெய் என எல்லாவற்றையும் கண்டிருக்கிறேன். இவை கிருமியைக் கொல்லாது. காயத்தை எரித்துப் புண்ணாக்கும், நாங்கள் கழுவி முடிப்பதற்கும் இரட்டிப்பு நேரம் எடுக்கும். காயத்தை இறுக்கிக் கட்டுவதும் உடனடியாகத் தையல் போடுவதும் கூடாது. அந்தத் தங்கை அண்ணனுக்கு உதவத்தான் கோப்பித்தூளை எடுத்தாள். அடுத்த முறை அவளுடைய கை சவர்க்காரத்தை எடுக்க வேண்டும். ஆகவே தரம் 4 க்கு மட்டும் கற்பித்தால் போதாது, தரம் 1, 2 பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தங்கை தம்பிகளுக்குத்தான் இரகசியம் முதலில் தெரியவரும்.


தென்மராட்சிக் கால்நடை வைத்தியர்
செப்டெம்பர் 10, இரவு 9.05

இந்த உரையாடலில் நாயைப் பற்றியும் நாலு வார்த்தை பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

பாடப் படங்களில் விசர் நாய் எப்போதும் நுரை தள்ளிக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு ஓடிவரும். அப்படியும் ஒரு வகை உண்டு. ஊமை விசர் என்று சொல்லத்தக்க இன்னொரு வகையும் உண்டு. அதில் நாய் மூலையில் ஒதுங்கிக் கிடக்கும், தாடை தொங்கும், வாயிலிருந்து எச்சில் வடியும், விழுங்க முடியாமல் திணறும். தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று இரக்கப்பட்டு வாய்க்குள் கைவிடுபவர்கள் இருக்கிறார்கள். மாட்டிலும் இதே தவறு நடக்கிறது. பசு தீன் எடுக்காமல் எச்சில் வடிய நின்றால், மாங்கொட்டையோ பனங்கொட்டையோ அடைத்துவிட்டது என்று கையை விட்டுப் பார்ப்பது நமது ஊர் வழக்கம். மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். பூனையும் கீரியும்கூட இந்த நோயைப் பரப்பக்கூடியவை. நோய் கொண்ட நாயின் எச்சிலில், அது பார்வைக்கு நலமாக இருக்கும்போதே, அறிகுறி தெரிவதற்குச் சில நாட்களுக்கு முன்பிருந்தே கிருமி இருக்கலாம். எனவே "அந்த நாய் நல்ல நாய்" என்பது கடியை மறைக்கக் காரணமாகாது.

குட்டிகளுக்கு விசர் வராது என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இது தவறு. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்கும் நோய் வரும், அவற்றுக்கும் தடுப்பூசி போட வேண்டும். உண்மையில் பிள்ளைகள் அதிகம் தூக்கி வைத்திருப்பது குட்டிகளைத்தான்.

கடிபடாமல் இருக்கக் கற்பிப்பது பற்றியும் சொல்கிறேன். ஒழுங்கைக்குள் நாய் துரத்தினால் பிள்ளை ஓடும். ஓடினால் நாயும் ஓடும். இதற்கு நான் பாடசாலைகளில் சொல்லிக்கொடுப்பது: பனைபோல நில். கால்களைச் சேர்த்து, கைகளை உடம்போடு ஒட்டி, நாயின் கண்ணைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தபடி அசையாமல் நில். நாய் மணந்து பார்த்துவிட்டுப் போய்விடும். விழுந்துவிட்டால் ஆமைபோலச் சுருண்டு, கைகளால் காதையும் பிடரியையும் மூடிக்கொள். காலையில் இருட்டோடு ரியூசனுக்குச் சைக்கிளில் போகும் பெரிய பிள்ளைகள் நாய் துரத்தும்போது வேகமாக மிதிக்கிறார்கள். அவர்கள் மெதுவாக நிறுத்தி இறங்கி, சைக்கிளைத் தமக்கும் நாய்க்கும் இடையில் வைத்துக்கொள்வது நல்லது. உண்ணும் நாயை, உறங்கும் நாயை, குட்டி ஈன்ற நாயை, கட்டியிருக்கும் நாயைக் கிட்ட அணுகக்கூடாது. கல்லால் எறியவும் கூடாது.

பிள்ளைகளை நாயிலிருந்து முற்றாக விலக்கும் பாடத்தில் எனக்கு உடன்பாடில்லை. நம் ஊரில் வைரவர் கோயில் இல்லாத குறிச்சியைக் காண்பது அரிது. வைரவருக்கு வடைமாலை சாத்திவிட்டு, அவருடைய வாகனத்தைக் கண்டவுடன் கல்லெடுக்கச் சொல்லிக் கொடுப்பது பிள்ளைக்கு விளங்காது. வருடத்துக்கு ஒரு தடவை ஊசி போட்ட நாயே ஒழுங்கைக்குக் காவல் என்று சொன்னால் விளங்கும். ஓரிடத்து நாய்களில் 70 வீதமானவற்றுக்கு ஊசி போடப்பட்டால் நோய் அங்கே தொடர்ந்து பரவ முடியாமல் போகும். பத்து நாய்களில் ஏழு. இது தரம் 4 பிள்ளைகள் செய்யக்கூடிய கணக்குத்தான்.


இரு பிள்ளைகளின் தந்தை
செப்டெம்பர் 11, காலை 7.10

தாதி அம்மா எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். காணொளி பற்றிய என் கருத்தை விலக்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரு விடயத்தை யாரும் தொடவில்லை. குட்டியை அடித்துவிடுவார்கள் என்று அந்தப் பையன் பயந்தான் அல்லவா? அந்தப் பயம் வீணானதல்ல. என் சிறு வயதில் என் தம்பியை எங்கள் வீட்டு நாய் கடித்தது. அவன் சொன்னான். அன்று பின்னேரமே பெரியவர்கள் சேர்ந்து நாயை அடித்துக் கொன்றார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தப் பிள்ளையும் எதையும் சொன்னதில்லை. "சொல்லு" என்று பாடசாலையில் படிப்பித்துவிட்டு, சொன்னால் வீட்டில் இதுதான் நடக்கும் என்றால் பிள்ளை என்ன செய்யும்?


தென்மராட்சிக் கால்நடை வைத்தியர்
செப்டெம்பர் 11, மதியம் 12.50

ஐயா, நீங்கள் எழுதியது மிகவும் முக்கியமான விடயம். நாயைக் கொல்வது பிள்ளைக்கும் கேடு என்பதைப் பெரியவர்களுக்கு விளக்க வேண்டும். கடித்த நாய் உயிரோடு இருந்தால், அதைக் கட்டிவைத்து 14 நாட்கள் கண்காணிப்பது நம் நாட்டு நடைமுறை. அந்த நாட்கள் கழிந்தும் நாய் நலமாக இருந்தால், கடித்த வேளையில் அதன் எச்சிலில் கிருமி இருக்கவில்லை என்று தெளிவாகும். அதைக் கொண்டே வைத்தியர் சிகிச்சையைத் தீர்மானிப்பார். நாயை அடித்துப் புதைத்துவிட்டால் அந்தச் சான்றும் புதைந்துவிடுகிறது. கண்காணிப்பு என்பது வைத்தியசாலைக்குப் போகாமல் வீட்டில் காத்திருப்பதல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதலில் பிள்ளை வைத்தியரிடம் போக வேண்டும். நாயைக் கட்டுவது வீட்டிலிருக்கும் மற்றவர் வேலை. நாய் தானாகவே இறந்துவிட்டால் பிள்ளைகள் அதைத் தொடக்கூடாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ கால்நடை வைத்தியருக்கோ அறிவித்தால், தலையைக் கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்குப் பரிசோதனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்யலாம்.

கட்டாக்காலி நாய்களைக் கொல்வதை அரசாங்கம் 2006 இல் கொள்கையளவில் நிறுத்தியது. ஊசி போட்ட நாய்களைக் கொன்றால் அந்த இடத்துக்கு ஊசி போடாத நாய்கள் வந்து சேரும். எனவே "நீ சொன்னால் நாயைக் கட்டிவைத்துப் பார்ப்போம்" என்ற வாக்குறுதியைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம், கொடுத்தால் காப்பாற்றவும் முடியும்.


தீவக ஆசிரியர்
செப்டெம்பர் 11, இரவு 7.45

எங்கள் பக்கத்து நிலைமையையும் பதிவுசெய்ய விரும்புகிறேன். 15 நிமிடம் ஓடும் நீர் என்று சுவரொட்டியில் அழகாக எழுதியிருக்கிறார்கள். கோடையில் எங்கள் தீவில் குடிநீர் பவுசரில் வருகிறது. ஒரு வாளி நீருக்கும் கணக்குண்டு. அந்த நீரைக் காலில் ஊற்றும் பிள்ளைக்கு வீட்டில் ஏச்சு விழும். சென்ற வருடம் இந்தப் பாடத்தைக் கற்பித்தபோது ஒரு மாணவி எழுந்து, "சேர், கிணத்துத் தண்ணி உப்பு. அதாலை கழுவலாமோ?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. இன்னொன்று, கடைசிப் படகு போன பின் கடிபட்டால் என்ன செய்வது என்றும் கேட்டார்கள். தாதி அவர்கள் விளக்கம் தந்தால் உதவியாக இருக்கும்.


சிகிச்சைப் பிரிவுத் தாதி
செப்டெம்பர் 12, காலை 5.50

அந்த மாணவியின் கேள்வி மிக நல்ல கேள்வி. தாராளமாகக் கழுவலாம். உவர் நீரில் சவர்க்காரம் குறைவாகவே நுரைக்கும். ஆகவே கூடுதலாகப் போட்டு, பொறுமையாகக் கழுவ வேண்டும். குழாய் இல்லாவிட்டால் ஒருவர் செம்பால் ஊற்ற மற்றவர் கழுவலாம். வாசனைச் சவர்க்காரம்தான் வேண்டும் என்றில்லை, உடுப்புத் தோய்க்கும் கட்டிச் சவர்க்காரமும் போதும். குடிநீரை எடுத்தோம் என்று பிள்ளை ஏச்சுக் கேட்காமல் இருக்க, உவர்க் கிணறு போதும் என்பதை எல்லோரும் அறியும்படி சொல்லிவிடுங்கள்.

படகு பற்றி: நன்றாகக் கழுவிய பின் முதலில் தீவிலுள்ள வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அங்கே தொடங்கக்கூடியதைத் தொடங்கி, மேலதிகமாகத் தேவையென்றால் அவர்களே அனுப்பிவைப்பார்கள். முகம், தலை, கழுத்து, கைவிரல்களில் கடி என்றாலும், காயம் ஆழமென்றாலும், அடுத்த படகுவரை யாருக்கும் சொல்லாமல் வீட்டில் இருக்கவே கூடாது.


உயர்தர உயிரியல் மாணவி
செப்டெம்பர் 12, மாலை 4.20

வணக்கம். எங்கள் பாடசாலைச் சுகாதாரக் கழகத்தின் சார்பில், அருகிலுள்ள ஆரம்பப் பாடசாலையில் நாங்கள் செய்து பார்த்த ஒன்றை எழுதுகிறேன். சவர்க்காரம் ஏன் வேண்டும் என்று சிறு பிள்ளைகளுக்கு விளங்க வைப்பது கடினமாக இருந்தது. விசர்நாய்க்கடி வைரசின் வெளியுறையில் கொழுப்பு இருக்கிறது. சவர்க்காரம் அந்த உறையைக் குலைத்துவிடுகிறது. இதைக் காட்ட, அடுப்புக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, பிள்ளைகளின் முன்னங்கையில் ஒரு பொட்டு வைத்தோம். ஒரு குழு வெறும் நீரால் கழுவியது. கரி அப்படியே இருந்தது. மற்றக் குழு சவர்க்காரத்தால் கழுவியது. கரி கரைந்து போனது. அதற்குப் பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

15 நிமிடத்தையும் கடிகாரம் வைத்துக் கழுவ வைத்தோம். மூன்றாவது நிமிடத்திலேயே "முடிஞ்சுதா அக்கா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். 15 நிமிடம் எவ்வளவு நீண்டது என்பதை அன்றுதான் நானும் அறிந்தேன்.

ஜோசப் மைஸ்டரின் கதையையும் சொன்னோம். 1885 ஜூலையில் விசர் நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் அவன். லூயி பாஸ்டர் தான் உருவாக்கிய தடுப்பூசியை அவனுக்குப் போட வைத்தார், அவன் பிழைத்தான். பாஸ்டர் 1895 செப்டெம்பர் 28 இல் மறைந்தார், அதனால்தான் அந்த நாள் உலக விசர்நாய்க்கடி தினமாயிற்று. பிள்ளைகளுக்குப் பாஸ்டரைவிட மைஸ்டரையே பிடித்திருந்தது, ஏனென்றால் அவனுக்கும் அவர்களுடைய வயதுதான். ஒரு சிறுவன், "அவன் தாயிட்டைச் சொன்னவனோ?" என்று கேட்டான். தாய்தான் அவனைப் பாரிசுக்கு அழைத்துச் சென்றார் என்று சொன்னேன்.


வடமராட்சி ஆசிரியை
ஒக்டோபர் 3, இரவு 9.30

எல்லோருக்கும் நன்றி. பாடத்தை மீண்டும் எடுத்தேன். நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பெற்றோரைத்தான் அழைத்தேன். வயல் வேலையும் கடல் வேலையும் உள்ளவர்கள் என்பதால் பின்னேரம் ஐந்து மணிக்கு வைத்தோம். எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்தார்கள். சில வீடுகளிலிருந்து அம்மம்மாமார் வந்திருந்தார்கள், அதுவே நல்லதாயிற்று. பெயர் எதையும் குறிப்பிடாமல் விடைத்தாளின் கதையைச் சொன்னேன். பின் ஒரேயொரு வேண்டுகோளை முன்வைத்தேன்: நாயோ பூனையோ கடித்தது என்று பிள்ளை வந்து சொல்லும் நாளில், அது எங்கே போனது, ஏன் போனது என்று கேட்டு ஏசவோ அடிக்கவோ வேண்டாம். கண்டிப்பை ஊசி முழுவதும் முடிந்த பின் வைத்துக்கொள்ளலாம். ஒரு தந்தை எழுந்து, "அப்ப சேட்டை விட்டாலும் பேசக்கூடாதோ ரீச்சர்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அந்த மாணவனின் தாய் எழுந்து, "நான் ஏசுவன் எண்டு என்ரை பிள்ளை நாலு நாள் சொல்லேல்லை" என்றார். பெயரை நான் மறைத்தேன், அவரே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு யாரும் வாதிடவில்லை. தொப்புள் ஊசி இப்போது இல்லை என்று கேட்டபோது ஒரு அம்மம்மா, தான் சிறுமியாக இருந்தபோது அதைப் போட்டுக்கொண்டவர் என்றும், பிள்ளைகளை அடக்க அந்தக் கதையைப் பயன்படுத்தி வந்ததாகவும், இனிச் சொல்ல மாட்டேன் என்றும் கூறினார்.

வகுப்பில் ஓய்வுநிலைப் பரிசோதகர் ஐயா சொன்னபடியே கேள்வியை மாற்றிக் கேட்டேன். பிள்ளைகளுக்கு மூன்று பேரை நினைக்கச் சொன்னேன்: வீட்டில் ஒருவர், பாடசாலையில் ஒருவர், இருவரும் இல்லாதபோது பக்கத்து வளவில் ஒருவர். பெயர்களைக் கொப்பியின் பின்னட்டையில் எழுதினார்கள். ஒரு பிள்ளை மூன்று இடத்திலும் தன் பெரியம்மாவின் பெயரையே எழுதியிருந்தாள். அதைத் திருத்தவில்லை. கரியும் எண்ணெயும் செய்தோம். முற்றத்தில் எல்லோரும் பனையாக நின்றார்கள், அதிபரும் வந்து நின்றார். தரம் 1, 2 பிள்ளைகளுக்கு ஆமையாகச் சுருள்வதுதான் மிகவும் பிடித்திருந்தது.

அடுத்த நாள் இடைவேளையில் ஒரு சிறுமி என் மேசையருகே வந்து நின்றாள். இரண்டு வாரங்களுக்கு முன் வீட்டுப் பூனை காலில் பிராண்டியது, தோல் கிழிந்தது, அதைச் சொல்லலாமா என்று கேட்டாள். தாய்க்குத் தொலைபேசியில் அறிவித்து, அன்று பின்னேரமே அனுப்பி வைத்தோம். பூனை இன்னும் வீட்டில் நலமாக உலாவுகிறது, ஆகவே அச்சப்படத் தேவையில்லை என்று வைத்தியர் கூறியிருக்கிறார். ஏசினார்களா என்று கேட்டேன். "இல்லை, அப்பா சைக்கிள்லை ஏத்திக்கொண்டு போனவர்" என்றாள்.

வகுப்புப் பிள்ளைகள் தத்தம் ஒழுங்கையிலுள்ள நாய்களை எண்ணி, எவற்றுக்கு இந்த வருடத்து ஊசி அட்டை இருக்கிறது என்று கேட்டு எழுதிவந்தார்கள். பத்துக்கு ஏழு என்ற கணக்குக்கு எங்கள் குறிச்சி இன்னும் வெகுதூரம் போக வேண்டும். பட்டியலைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கொடுத்தோம். வரும் சனிக்கிழமை காலை சனசமூக நிலைய முன்றலில் இலவசமாக ஊசி போட இணங்கியிருக்கிறார்கள். நாயைப் பெரியவர்கள்தான் பிடித்துவர வேண்டும், பிள்ளைகள் அட்டையை மட்டும் கொண்டுவரலாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

என் மாணவனின் கடைசி ஊசி தவணைப் பரீட்சை நடக்கும் நாளில் வருகிறது. அதிபரிடம் பேசி, அவனுக்கு அந்தப் பாடத்தை மறுநாள் வைக்க ஒழுங்கு செய்தாயிற்று. திகதியை என் மேசை நாட்காட்டியிலும் குறித்து வைத்திருக்கிறேன். கால்நடை வைத்தியர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும்: அந்த ஆளில்லா வளவில் தாய் நாயும் இன்னும் இரண்டு குட்டிகளும் இருப்பதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள். தாய் நாய் யாரையும் கிட்ட வர விடுவதில்லை. சனிக்கிழமைக்குள் அவற்றுக்கு ஊசி போட யாரை அணுகுவது?


தென்மராட்சிக் கால்நடை வைத்தியர்
ஒக்டோபர் 3, இரவு 10.10

பிள்ளைகளை அந்த வளவுப் பக்கம் விட வேண்டாம். நாய் பிடிக்கப் பயிற்சி பெற்றவர்கள் ஊசிக் குழுவோடு வருவது வழமை. வளவு எங்கே இருக்கிறது என்பதை நாளைக் காலையே பணிமனைக்கு அறிவித்து, சனிக்கிழமை அவர்களை அங்கேயும் போகக் கேளுங்கள். உங்கள் பகுதிக் கால்நடை வைத்தியருடன் நானும் பேசுகிறேன். தாய் நாய் பழகிய யாராவது அந்த ஒழுங்கையில் சோறு வைப்பவராக இருந்தால், அவரையும் அன்று கூடவே நிற்கச் சொல்லுங்கள்.